சூட்கேசுடன் வரும் மர்ம ஆசாமி யார்? கால் நூற்றாண்டாகத் துப்புத் துலக்கும் ரசிகர்கள்!

கொடுங்கையூர்.

கோட்டு, சூட்டு, கழுத்தில் டை. கையில் ஒரு சூட்கேஸ். ஒல்லியான ஆள். முகத்தில் இருப்பது சிரிப்பா, முறைப்பா என்று சொல்ல முடியாது. எங்கேயோ ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று உங்களையே பார்ப்பார். டையைச் சரிசெய்து கொள்வார். நீங்கள் அலறிப் புடைத்து அந்த இடத்துக்கு ஓடினால் ஆளைக் காணோம்!

யார் இந்த ஆசாமி?

1998-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி அமெரிக்காவில் வெளிவந்த "ஹாப்-லைப்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில்தான் இவர் முதன்முதலில் தலைகாட்டினார். அன்று தொடங்கிய கேள்விக்கு இன்னும் விடை கிடைத்தபாடில்லை. "யார் நீ?", "அதே கண்கள்" போன்ற நம் ஊர் மர்மப் படங்களில் கடைசி ரீலில் முகமூடி கிழிந்துவிடும். ஜனங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். இந்தக் கதையில் மட்டும் கடைசி ரீல் வந்து சேரவே இல்லை.

நமக்கு என்ன சம்பந்தம்?

"அமெரிக்காக்காரன் விளையாட்டுக்கும் கொடுங்கையூருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மூலக்கடை, எம்.கே.பி. நகர், பெரம்பூர் பக்கமெல்லாம் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன அல்லவா? பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் அங்கே போய், மணிக்கு இத்தனை ரூபாய் என்று கட்டி, ஒருவரை ஒருவர் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "டேய், பின்னாடி வரான்டா!" என்ற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்தச் சண்டை விளையாட்டின் பெயர் "கவுண்டர்-ஸ்டிரைக்".

அந்த விளையாட்டுக்குத் தாய் வீடு இந்த ஹாப்-லைப்தான். மின் லீ, ஜெஸ் கிளிப் என்ற 2 பேர், ஹாப்-லைப்பை அடித்தளமாக வைத்து 1999-ல் பொழுதுபோக்காகக் கட்டிய மாடி வீடுதான் கவுண்டர்-ஸ்டிரைக். மாடியில் குடியிருந்த நம் பையன்களில் பலருக்குக் கீழ் வீட்டில் ஒரு சூட்கேஸ்காரர் உலாவுவது தெரியாமலே போய்விட்டது. பர்மா பஜார் சி.டி.யில் மூல விளையாட்டையும் வாங்கி ஆடியவர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு இன்றைக்கும் அந்த முகம் மறக்கவில்லை.

105 சதவீதம்!

கதை இதுதான். நியூ மெக்சிகோ மாநிலத்துப் பாலைவனத்தில் பூமிக்கு அடியில் "பிளாக் மேசா" என்ற ராட்சத ஆராய்ச்சிக்கூடம். அங்கே வேலை பார்க்கும் 27 வயது வாலிபர் கார்டன் பிரீமேன். பெரிய படிப்பு படித்தவர். ஆனால் அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது தள்ளுவண்டி வேலை. ஒரு விநோதக் கல்லை வண்டியில் வைத்து இயந்திரத்துக்குள் தள்ளவேண்டும்.

கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. மேலிடத்துக்கு ஒரே அவசரம். இயந்திரத்தை 105 சதவீதத்துக்கு முடுக்குகிறார்கள். "இது சரியா வருமா?" என்று கூட இருக்கிற விஞ்ஞானிகளே முணுமுணுக்கிறார்கள். முணுமுணுப்பை யார் கேட்டார்கள்? வண்டி உள்ளே போனது. வேறொரு உலகத்துக்கு வாசல் திறந்துகொண்டது. அங்கிருந்த பிராணிகளெல்லாம் இங்கே வந்து குதித்தன.

பட்டாளம் வருகிறது. "காப்பாத்த வந்துட்டாங்க!" என்று தொழிலாளர்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வந்தவர்கள் அவர்களையே சுடுகிறார்கள். சாட்சி இருக்கக்கூடாதாம்!

மணலியையும் எண்ணூரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குப்பைமேடு புகையும் நாட்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நமக்கு, இந்த முதல் பாதி விஞ்ஞானக் கதையாகத் தோன்றாது. 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறி எழுந்து ஓடிய ஜனங்களும் "உள்ளே என்ன வச்சிருக்காங்க, யார் வச்சாங்க?" என்றுதான் கேட்டார்கள். ஹாப்-லைப் ரசிகர்கள் கேட்பதும் அதே கேள்விதான். கல்லைக் கொண்டுவந்து கொடுத்தது யார்?

விடை வர 9 வருஷம் ஆயிற்று. 2007 அக்டோபரில் வெளியான "எபிசோட்-2" என்ற பாகத்தில், அந்த விபத்தில் உயிர் தப்பிய ஈலி வான்ஸ் என்ற விஞ்ஞானி உண்மையைக் கக்கினார். கல்லைக் கொண்டுவந்தது சூட்கேஸ் ஆசாமியேதான்! விபரீதம் வரப்போகிறது, தயாராய் இரு என்று காதோடு காதாகச் சொல்லியும் வைத்தாராம். தெரிந்தேதான் செய்திருக்கிறார்!

கையெழுத்து போடு, இல்லையேல்...

முதல் விளையாட்டின் முடிவுக்கு வருவோம். எதிரிகளையெல்லாம் ஒழித்து, களைத்துப்போன பிரீமேன் முன்னால் சூட்கேஸ்காரர் முதன்முறையாக நேருக்கு நேர் வந்து நிற்கிறார். பிரீமேனிடம் இருந்த ஆயுதத்தையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறார். பிறகு மிக மரியாதையாகப் பேசுகிறார். "என் முதலாளிமாரிடம் உன்னைச் சிபாரிசு செய்திருக்கிறேன், வேலை தயார், சம்மதமானால் அந்த வாசலுக்குள் நட" என்பது பேச்சின் சாரம். மறுத்தால்? வெறுங்கையோடு எதிரிக் கூட்டத்துக்கு நடுவே தள்ளிவிடுவார். அவ்வளவுதான்.

சம்மதித்தவருக்கும் பெரிய வாழ்வு இல்லை. சுமார் 20 வருஷம் தூங்க வைத்துவிட்டார். 2004 நவம்பரில் வந்த 2-வது பாகத்தில்தான் பிரீமேனைத் தட்டி எழுப்பினார். அதற்குள் "கம்பைன்" என்ற அந்நியக் கூட்டம் பூமியை 7 மணி நேரச் சண்டையில் மடக்கிப் போட்டிருந்தது.

இந்த ஆசாமிக்கு விளையாட்டில் பெயரே கிடையாது. கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பைல்களைக் குடைந்த ரசிகர்கள், அவருடைய உருவம் இருந்த பைலுக்கு "ஜிமேன்" என்று பெயரிட்டிருப்பதைக் கண்டார்கள். அன்று முதல் அவர் ஜி-மேன். அமெரிக்கப் பேச்சு வழக்கில் அது சர்க்கார் ஆளைக் குறிக்கும் சொல்.

பல கட்சிகள், ஒரே ரகளை

உடனே ஒரு கட்சி கிளம்பியது. "பேர்லயே இருக்கே சார், சர்க்கார் ஆளுதான்." இதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. 1999-ல் வந்த கிளைக்கதையில் ஒரு சிப்பாய் பாடுபட்டு அணுகுண்டைச் செயலிழக்க வைப்பார். அவர் நகர்ந்ததும் நம் ஆசாமி வந்து அதை மறுபடி முடுக்கிவிடுவார். பிளாக் மேசாவே சாம்பல்! சர்க்கார் தடயத்தை அழிக்கிறது என்றால் பொருந்தும். ஆனால் எந்தச் சர்க்கார் ஆளுக்கு ஓடுகிற நேரத்தை அப்படியே நிறுத்திவைக்கத் தெரியும்? ரேஷன் கடை வரிசையில் வேண்டுமானால் நின்றுவிடும்!

இன்னொரு கட்சி பலமானது. "அவன் வேற யாருமில்ல, வயசான பிரீமேன்தான். தாடியை மழிச்சு, கண்ணாடியைக் கழட்டிப் பாரு. ரெண்டு பேருக்கும் பச்சைக் கண்ணு" என்பது இவர்கள் வாதம். எதிர்காலத்திலிருந்து திரும்பி வந்து தன்னையே ஆட்டிவைக்கிறாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தன்னையே 20 வருஷம் பெட்டிக்குள் பூட்டிவைத்து, அடுத்தவனுக்குக் கடன் கொடுக்கிற மனுஷன் உண்டா? எனக்கு ஒப்பவில்லை.

"மனுஷத் தோலைப் போர்த்திய வேற்றுக்கிரகவாசி" என்பது மற்றொரு கட்சி. இவர்களுக்கு ஆதாரம் குரல். மைக்கேல் ஷாபிரோ என்ற நடிகர் குரல் கொடுத்திருக்கிறார். நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தி, அழுத்தக்கூடாத எழுத்தை அழுத்தி, மூச்சை இழுத்து இழுத்துப் பேசுவார். பேசப் பழகாத ஒன்று பேசுவது போலவே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே விளையாட்டில் வெகுளியான காவலாளி பார்னிக்கும் இவரேதான் குரல்!

"கம்பைனின் கைக்கூலி" என்றவர்களும் இருந்தார்கள். 2020 மார்ச் 23-ந் தேதி அந்தக் கட்சி கலைந்தது. அன்று வெளியான "ஹாப்-லைப்: அலிக்ஸ்" விளையாட்டில், கம்பைன் கூட்டம் இவரையே சிறைபிடித்து ஆகாயத்தில் தொங்கும் பெட்டகத்தில் அடைத்து வைத்திருந்தது அம்பலமாயிற்று.

காண்டிராக்டர்!

என்னைக் கேட்டால், வட சென்னைக்காரனுக்கு இந்த ஆளை அடையாளம் தெரியாமல் போனால்தான் ஆச்சரியம். ஆள் பிடிக்கிற காண்டிராக்டர்!

வரிசையாகப் பாருங்கள். கையில் பெட்டி. வாயில் மரியாதை. "முதலாளி" என்று சொல்வாரே தவிர முதலாளி யார் என்று சொல்லமாட்டார். ஆள் பலசாலியா என்று தூரத்தில் நின்று பார்க்கிறார். தேறியவனை எடுத்துக்கொள்கிறார். 2-வது பாகத்தின் முடிவில் பிரீமேனிடமே விஷயத்தை உடைக்கிறார்: உன் சேவையைக் கேட்டு நல்ல நல்ல விலை வந்திருக்கிறது என்கிறார். அதாவது, பிரீமேனை வாடகைக்கு விடுகிறார்! வேலை முடிந்ததா, மறுபடி உறக்கம். வேலை வந்ததா, தட்டி எழுப்பல். கூலி பற்றி ஒரு வார்த்தை? மூச்!

இதில் கவனிக்கவேண்டிய சங்கதி, கதாநாயகன் பிரீமேன் வாயே திறப்பதில்லை. எந்தப் பாகத்திலும் ஒரு சொல் பேசியதில்லை. இது வீரம் என்று ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. அவரிடம் "சரியா?" என்று யாரும் கேட்டதே இல்லை.

சரி, இந்தக் காண்டிராக்டரைத் தடுக்க ஆளே இல்லையா? இருந்தார்கள். 2006-ல் வந்த "எபிசோட்-1"ல், பிரீமேனை அள்ளிக்கொண்டு போக வந்த ஜி-மேனை வழிமறித்து நின்றது "வோர்ட்டிகாண்ட்" என்ற வேற்றுலக ஜாதி. ஜி-மேன் முகம் சுருங்கியது அன்றுதான்! அந்த வோர்ட்டிகாண்டுகள் யார் தெரியுமோ? முதல் பாகத்தில் கழுத்தில் பட்டையும் கையில் காப்பும் மாட்டி அடிமையாக நடத்தப்பட்டவர்கள். பிரீமேன் கையால் அவர்களுடைய எஜமான் ஒழிந்ததும் விடுதலை ஆனவர்கள். கொத்தடிமையாக இருந்து மீண்டவர்களுக்குத்தான் அந்தச் சூட்கேஸ் என்னவென்று தெரிந்திருக்கிறது.

மகளைக் கொண்டுபோனார்

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஈலி வான்சின் மகள் அலிக்ஸ். பிளாக் மேசா விபத்தின்போது குழந்தை. பலர் வேண்டாம் என்று தடுத்தும் அந்தக் குழந்தையைத் தானே காப்பாற்றியதாக ஜி-மேன் சொல்லிக்கொள்கிறார். காப்பாற்றியதற்குக் கணக்கு இருந்தது.

"எபிசோட்-2" முடிவில் மகள் கண் முன்னாலேயே ஈலி கொல்லப்படுகிறார். ரசிகர்கள் கதறிவிட்டார்கள். "அடுத்த பாகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல; 13 வருஷம்! 3-வது எபிசோட் வரவே இல்லை. கதை எழுதிய நாவலாசிரியர் மார்க் லெய்ட்லா 2016-ல் வால்வு கம்பெனியை விட்டே விலகிவிட்டார். 2017 ஆகஸ்டில், பெயர்களையும் ஆண், பெண் பாத்திரங்களையும் மாற்றி, விடுபட்ட கதையை ஒரு கடிதம் போல எழுதி வெளியிட்டார். அதிலும் சூட்கேஸ்காரர் யாரென்று சொல்லவில்லை. அவர் அலிக்சைக் கூட்டிக்கொண்டு போவதோடு சரி. கம்பெனிக்காரர்களும் 2024 நவம்பரில் வெளியிட்ட ஆவணப் படத்தில் அந்தப் பாகத்தைக் கைவிட்ட கதையைப் பேசினார்கள். மர்மத்தைத் தொடவில்லை.

2020-ல் வந்த "அலிக்ஸ்" விளையாட்டில், பெட்டகத்தை உடைத்தால் உள்ளே பிரீமேன் இருப்பார் என்று நம்பி உடைக்கிறாள் அலிக்ஸ். உள்ளே ஜி-மேன்! விடுவித்ததற்குக் கைமாறு என்ன வேண்டும் என்கிறார். "கம்பைன் பூமியை விட்டு ஒழியவேண்டும்" என்கிறாள் அவள். "அது பெரிய சமாசாரம், முதலாளிமார் விரும்பமாட்டார்கள்" என்ற ரீதியில் கையை விரிக்கிறார். பூமியின் விடுதலையை விரும்பாத முதலாளி யார்? ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இப்போது இந்த இடத்தில்தான்.

அதற்குப் பதிலாக, வருங்காலத்தில் அவள் தகப்பனார் சாகும் காட்சியைக் காட்டுகிறார். மகள் எதை விடுவாள்? தகப்பனைக் காப்பாற்றுகிறாள். அடுத்த கணம் கணக்கு தீர்க்கிறார் ஜி-மேன். பிரீமேனுக்குப் பதில் இனி நீ என்று சொல்லி அவளை இருட்டில் நிறுத்திவிட்டுப் போகிறார்.

பிழைத்து எழுந்த ஈலி வான்ஸ் மகளைத் தேடுகிறார். மகள் இல்லை. யார் கொண்டுபோனது என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. பிரீமேனின் பழைய கடப்பாரையை வரவழைத்து அவர் கையில் கொடுக்கிறார்.

பிரீமேன் வாங்கிக்கொள்கிறார். வழக்கம்போல ஒரு வார்த்தை பேசவில்லை.