பழைய நாணயத்தின் தரம் அறிவது எப்படி?

நம் வீடுகளில் தாத்தா காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு இருக்கும். 1809-இல் பெங்களூரில் தண்டு ஏற்பட்ட பிறகு பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இது சாதாரணம். "இது எத்தனை வருஷத்துக் காசு?" என்றுதான் நாம் கேட்கிறோம். நாணயம் சேகரிப்பவரோ, "எந்த நிலையில் இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார். இந்த வேறுபாட்டைச் சிவாஜிநகரில் நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் போதாத சமயம் அது. அம்மா ஒரு சுருக்குப் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஐந்து விக்டோரியா ரூபாய்கள். எல்லாவற்றிலும் 1862 என்ற ஆண்டு. கருத்துக் கிடக்கின்றனவே என்று நான்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பையின் மடிப்பில் சிக்கியிருந்த ஐந்தாவது மட்டும் தப்பியது. ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு அருகில் பழங்காசு வாங்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு போனேன்.

கையில் எடுக்கும் முன்பே, "புளி போட்டீங்களா தம்பி?" என்றார்.

"ஆமா பாய், அழுக்கா இருந்துச்சு."

நான்கையும் தராசில் வைத்து வெள்ளி விலை சொன்னார். ஐந்தாவதை விளிம்பில் பிடித்து, விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று மடங்கு விலை. "தேய்க்காம இருந்தா இதுல ரெண்டு அதே தரம்தான்" என்றார். ஐந்தையும் விற்றுவிட்டு, மீதிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1862 என்று பொறித்த ரூபாய்கள் 1874 வரை ஏராளமாக அச்சிடப்பட்டன. ஆகவே ஆண்டை வைத்து மட்டும் விலை சொல்ல முடியாது. தரமே விலையைத் தீர்மானிக்கிறது. கீழிருந்து மேலாகத் தரங்களின் பெயர்கள் இவை: குட், வெரி குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அபௌட் அன்சர்குலேட்டட், அன்சர்குலேட்டட்.

வாசகர்கள் இங்கே ஏமாந்துவிடக் கூடாது. 'குட்' என்றால் நல்ல காசு அல்ல. உருவத்தின் வெளிக்கோடு மட்டும் எஞ்சிய, நன்றாகத் தேய்ந்த காசு. 'ஃபைன்' என்பதும் நடுத்தரம்தான். 'அன்சர்குலேட்டட்' என்பது புழக்கத்தில் தேயாத காசு. ஆனால் அச்சகத்துப் பையில் ஒன்றோடொன்று மோதிய சிறு வடுக்கள் அதிலும் இருக்கலாம். 'ப்ரூஃப்' என்பது தரத்தின் பெயரே அல்ல. தனிக் கவனத்துடன் அச்சிடும் முறையின் பெயர்.

அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல், அந்நாட்டின் பழைய செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை எண்வரிசை ஒன்றை வகுத்தார். பின்னர் அது மற்ற நாணயங்களுக்கும் பரவியது. 60-உம் அதற்கு மேலும் தேயாத காசுகளுக்கு உரியவை. விற்கும்போது ஒரு கண், வாங்கும்போது ஒரு கண் என்பது வியாபார வழக்கம் அல்லவா? அதனால் 1980-களில், காசைப் பார்த்து எண் கொடுத்து பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் தரும் நிறுவனங்கள் அங்கே தோன்றின.

நாமே ஓரளவு தரம் பார்க்கலாம். மேடான இடங்கள்தான் முதலில் தேயும். விக்டோரியா ரூபாயில் கிரீடத்தின் மணிகள், காதருகே உள்ள கூந்தல், கன்னம், உடையின் பூவேலை ஆகியவற்றைக் கவனியுங்கள். பிறகு ஒற்றை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தேயாத காசில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுழன்று வரும். மேடான இடம் மங்கலாக இருந்தும் அங்கே இந்த ஒளி இருந்தால், அது தேய்மானம் அல்ல. அச்சு சரியாக விழவில்லை என்று பொருள்.

அச்சின் அழுத்தத்தில் உலோகம் பரவும்போது உண்டாகும் மிக நுண்ணிய கோடுகளே அந்த ஒளியைத் தருகின்றன. புளியும் சாம்பலும் அவற்றை அழித்துவிடும். பிறகு எவ்வளவு பளபளத்தாலும் அந்தச் சுழலும் ஒளி திரும்பாது. அப்படிப்பட்ட காசுக்கு மேற்சொன்ன நிறுவனங்கள் எண் கொடுப்பதில்லை. சுத்தம் செய்யப்பட்டது என்றே குறிக்கும். கருப்போ, வெள்ளியின் மேல் காலப்போக்கில் படியும் மெல்லிய படலம். அது குறையல்ல.

ஆகவே அன்பர்களே, பழங்காசை விளிம்பில் பிடியுங்கள். தேய்க்காதீர்கள். பி.வி.சி. உறையில் வைக்காதீர்கள்; நாளடைவில் பச்சைப் பிசுக்குப் படியும். தெரிந்தவரிடம் காட்டிய பிறகே விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுங்கள். புளி பித்தளைக் குடத்துக்கு இருக்கட்டும்.