கடல் ஒதுக்கிய மொழிபெயர்ப்பாளர்கள்

ஜப்பானியர்க்கும் அமெரிக்கர்க்கும் ஏற்பட்ட உறவைக் கூறப் புகுவோர், 1853-ஆம் ஆண்டில் தளபதி பெரி நான்கு போர்க்கப்பல்களுடன் எடோ விரிகுடாவுள் நுழைந்த செய்தியிலிருந்தே தொடங்குவர். உடன்படிக்கையைப் பொறுத்தவரை அது சரியே. ஆயினும், ஒரு நாட்டார் மற்றவர் பேச்சையும் வாழ்வையும் அறியத் தொடங்கியது அதற்கு முன்பே. அவ்வாறு அறிந்தவர்கள் புலவரும் அல்லர், தூதரும் அல்லர். புயலில் அகப்பட்ட மீனவரும் மாலுமிகளுமே ஆவர்.

மாஞ்சிரோ என்பான் தோசா நாட்டுக் கடற்கரைச் சிற்றூரில் 1827-இல் பிறந்தவன். பதினான்காம் வயதில், 1841-இல், வேறு நால்வருடன் மீன் பிடிக்கச் சென்றபோது படகு சிதைந்தது. ஆளற்ற தீவொன்றில் ஐவரும் ஏறத்தாழ ஐந்து திங்கள் கடற்பறவைகளை உண்டு உயிர் தாங்கினர். அவ்வழி வந்த அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவர்களை மீட்டது. கப்பல் தலைவர் விட்ஃபீல்டு சிறுவனைத் தம் ஊராகிய ஃபேர்ஹேவனுக்கு அழைத்துச் சென்று பள்ளியில் சேர்த்தார். அவ்வூர்க் கோயில் ஒன்றில் சிறுவன் தம் குடும்பத்தாருடன் அமர மறுப்பு எழுந்தபோது, அவர் சிறுவனை விடவில்லை, கோயிலையே மாற்றிக்கொண்டார்.

நாட்டை விட்டு வெளியேறியவர் திரும்பி வந்தால் மரண தண்டனை என்பது அந்நாளைய ஜப்பானியச் சட்டம். அது தெரிந்தும் மாஞ்சிரோ தாயைக் காண விழைந்தார். கலிபோர்னியாவில் பொன் தோண்டிப் பொருள் ஈட்டி, படகு ஒன்று வாங்கி, 1851-இல் ரியூக்கியூத் தீவில் இறங்கினார். ஓராண்டுக்கு மேல் விசாரணை நடந்தது. உயிர் தப்பியது. 1852-இல் தாயைக் கண்டார், சில நாள்தான். உடனே அரசு அவரைப் பாடஞ்சொல்ல அழைத்துக்கொண்டது.

பெரி வந்தபின் மாஞ்சிரோவை எடோவுக்கு வரவழைத்துச் சாமுராய்த் தகுதியும் அளித்தனர். ஆனால், தம்மை வளர்த்தவர்பால் மனம் சாய்ந்துவிடுவார் என ஐயுற்று, அமெரிக்கர் முன்னிலையில் அவரை நிறுத்தவில்லை. அதனால் 1854-ஆம் ஆண்டுப் பேச்சு பெரும்பாலும் டச்சு மொழி வாயிலாகவே நடந்தது. ஆங்கிலம் நன்கறிந்தவர் அருகிருக்க, மூன்றாம் மொழியைத் தேடிய கூத்து இது! அச்சம் கொண்ட அரசு வேறென் செய்யும்?

ஆயினும் அவர் கல்வி வீண் போகவில்லை. கடற்செலவு நூலொன்றை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். 1859-இல் ஆங்கில உரையாடல் நூலொன்று வெளியிட்டார். ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது இது: அவர் ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டி அன்று, காதால் கேட்டே கற்றவர். ஆகவே, தண்ணீரைக் குறிக்கும் சொல்லை ஏட்டில் உள்ளவாறு 'வாட்டர்' என்னாது, அமெரிக்க மாலுமிகள் ஒலித்தவாறு 'வாரா' என்றே குறித்தார். 1860-இல் கன்ரின் மாரு கப்பலில் மொழிபெயர்ப்பாளராக அமெரிக்கா சென்றபோது, உடன் வந்த புகுசாவா யுகிச்சியும் அவரும் ஆளுக்கொரு வெப்ஸ்டர் அகராதி வாங்கி வந்தனர்.

எதிர்த்திசையிலிருந்தும் அகராதி வந்தது. 1859-இல் ஜப்பான் சென்ற அமெரிக்க மருத்துவர் ஹெப்பர்ன், 1867-இல் ஜப்பானிய-ஆங்கில அகராதி வெளியிட்டார். அதற்குரிய அச்சு வசதி ஜப்பானில் இன்மையால் ஷாங்காயில் அச்சிட்டனர். ஜப்பானிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

அந்த ஹெப்பர்ன் இளமையில், 1841 முதல் 1843 வரை, சிங்கப்பூரில் வாழ்ந்தவர் என்பது நம்மவர் பலர் அறியாதது. இன்னும் ஒருவரும் சிங்கப்பூருக்கு உரியவர். 1832-இல் கலம் திசைமாறி, ஓராண்டுக்கு மேல் மிதந்து அமெரிக்கக் கரையில் ஒதுங்கியவர் ஒட்டோகிச்சி. 1837-இல் மாரிசன் என்னும் அமெரிக்க வணிகக் கப்பல் அவரைத் தாய்நாட்டில் இறக்க முயன்றது; ஜப்பானியப் பீரங்கிகள் சுட்டு விரட்டின. அவ்வாண்டே, அவரும் தோழரும் துணைநின்று ஜப்பானிய மொழியில் ஆக்கப்பட்ட யோவான் நற்செய்தி சிங்கப்பூரில் அச்சேறியது. 1862-இல் அவர் சிங்கப்பூரில் குடியேறினார். அவ்வாண்டு ஐரோப்பா செல்லும் வழியில் இறங்கிய ஜப்பானியத் தூதுக்குழுவினர் அவரைக் கண்டு பேசினர். அக்குழுவில் புகுசாவாவும் இருந்தார். 1867-இல் சிங்கப்பூரிலேயே அவர் இறந்தார். அவருடைய சாம்பலில் ஒரு பகுதி 2005-இல் பிறந்த ஊர் போய்ச் சேர்ந்தது.