வாங்காமல் போனவர்களின் பட்டியல்

திருவண்ணாமலையில் சின்னக் கடைகளுக்கு இணையதளம் அமைத்துத் தருவது என் பிழைப்பு. இப்போது கையில் இருப்பது ஒரு புத்தகக் கடை. தளத்தில் விருப்பப் பட்டியலும் வைக்கலாம் என்றதும் கடைக்கார அண்ணன் கேட்டார்: "வாங்கறவங்க வாங்கட்டும்பா. வாங்காதவங்க லிஸ்டு நமக்கெதுக்கு?"

அவர் மேசை டிராயரிலேயே அப்படி ஒரு லிஸ்டு இருக்கிறது. இருப்பில் இல்லாத புத்தகத்தைக் கேட்டு வந்தவர்களின் பெயரையும் செல் நம்பரையும் பழைய டைரி ஒன்றில் குறித்து வைப்பார். புத்தகம் வந்ததும் போன் போடுவார்.

இந்த ஊரில் இன்னொரு தேவையும் உண்டு. பௌர்ணமிக்கு வருகிறவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்க வேண்டும், அதுவும் வெறுங்காலோடு. புத்தகக் கட்டை யார் சுமப்பார்கள்? புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வாங்கிக்கறேன்" என்று கிளம்பிவிடுவார்கள். அப்போதே போனில் அந்தப் புத்தகத்தின் இதயக்குறியைத் தட்டி வைத்தால், ஊர் போய்ச் சேர்ந்ததும் ஆர்டர் போடலாம். தட்டியதும் 'லாகின் செய்யுங்கள், ஓடிபி வரும்' என்று நிறுத்தினால் கதை முடிந்தது. பௌர்ணமிக் கூட்டத்தில் சிக்னல் கிடைத்து ஓடிபி வருவதற்குள் ஆள் கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்தைத் தாண்டியிருப்பார்.

ஆகவே லாகின் கேட்கப் போவதில்லை. பட்டியல் அவரவர் போனின் பிரவுசரிலேயே இருக்கும். இதில் ஒரு வில்லங்கம். ஐபோனின் சஃபாரி பிரவுசர், 2020 முதல், அதைப் பயன்படுத்தும் 7 நாட்களுக்குள் தளத்தை எட்டிப் பார்க்காவிட்டால் இப்படிச் சேமித்ததை அழித்துவிடுகிறது. அடுத்த பௌர்ணமிக்குத் திறந்தால் பட்டியல் காலி! அதனால் பட்டியலுக்குக் கீழே 'எனக்கே வாட்ஸப்பில் அனுப்பு' என்று ஒரு பொத்தான் வைக்கிறேன். மொத்தப் பட்டியலும் ஒரே லிங்க்கில் போய்விடும்.

அந்த லிங்க் பட்டியல்காரரே கொடுத்தால் ஒழிய வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாது. 2006இல் டாம் ஓவாட் என்ற அமெரிக்கர், அமேசானில் பொதுவில் கிடந்த விருப்பப் பட்டியல்களை லட்சக்கணக்கில் இறக்கி, அரசுக்குப் பிடிக்காமல் போகக்கூடிய புத்தகங்களை விரும்புகிறவர்கள் யார், எந்த ஊர் என்று தேடிக் காட்டினார். எதைப் படிக்க ஆசைப்படுகிறோம் என்பது அவ்வளவு அந்தரங்கமான தகவல்.

கடைக்கு வேண்டியது எண்ணிக்கைதான். எந்தப் புத்தகத்துக்கு எத்தனை இதயம் என்பது மட்டும், பெயரில்லாமல், அண்ணனுக்குத் தெரியும். அச்சில் இல்லாத நூல் ஒன்றுக்கு நூறு பேர் தட்டியிருந்தால் பதிப்பாளரிடம் மறுபதிப்புக் கேட்கலாம். ஆனால் நூறு இதயம் நூறு பிரதி விற்பனை ஆகாது. அதை நம்பி ஆயிரம் அடித்தால் கிடங்கில்தான் தூங்கும். 'வந்தால் சொல்லுங்கள்' என்று கேட்பவரிடம் மட்டும் செல் நம்பர் வாங்குவோம்.

"அந்த நம்பருக்கெல்லாம் கார்த்திகை தீபத்துக்கு வாழ்த்தும் தள்ளுபடியும் அனுப்பிடலாமா?" என்கிறார் அண்ணன். அதற்குத் தனியாக ஒரு டிக் கட்டம் வைக்கிறேன், டிக் போடாமல். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கேட்கச் சொல்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.