காணொளி விளையாட்டு ஓவியங்களில் மாந்தர் பண்பும் கதையும்

காப்பியத்தில் மாந்தரை நமக்கு அறிமுகம் செய்விப்பது சொல். நாடகத்தில் சொல்லோடு நடிப்பும் துணை நிற்கும். காணொளி விளையாட்டிலோ, மாந்தர் வாய்திறந்து பேசுமுன்னரே அவர்தம் உருவம் ஆடுவோர் கண்முன் வந்து நிற்கின்றது. மேலட்டையிலும் கையேட்டிலும் திரையிலும் காணப்பெறும் இவ்வோவியங்களை வெறும் அணியெனக் கருதி ஒதுக்குவார் உளர். அவை அணியல்ல, கதையின் உறுப்பே ஆகும். இதனைச் சப்பானியப் படைப்புகள் மூன்றினைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, நின்டெண்டோ நிறுவனம் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டாங்கி காங்’. பின்னர் மாரியோ எனப் பெயர் பெற்ற மாந்தன் இதன்கண் தோன்றினான். அவனைப் படைத்தவர் சிகெரு மியாமோட்டோ. அக்காலக் கருவிகள், சிறியதொரு புள்ளிக் கட்டத்துள் மிகச் சில வண்ணங்களைக் கொண்டே ஓர் உருவத்தை வரைய இடந்தந்தன. மூக்கினைத் தெளிவுறக் காட்ட மீசை வந்தது. தலைமுடியை வரைதல் அரிதாகலின் தொப்பி வந்தது. கையசைவு உடலினின்று பிரிந்து தோன்றுதற்பொருட்டு இருநிறத் தொழிலாளர் உடை வந்தது. இங்ஙனம் கருவியின் குறையால் வந்த உறுப்புகளே மாந்தனின் குணமாயின. இவன் அரசகுமரனல்லன், போர்வீரனுமல்லன், உழைத்து உண்ணும் எளியவன் என்பது ஒரு சொல்லுமின்றி விளங்குகின்றது. முதலில் தச்சனாகவும், 1983இல் வெளிவந்த ‘மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் குழாய் பழுது பார்ப்பவனாகவும் அவன் கூறப்பட்டான். தொழில் மாறியும் உருவம் மாறவில்லை. இரண்டற்கும் அஃது ஏற்றதாயிருந்தது.

இரண்டாவது, 1994இல் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேண்டசி’ ஆறாம் பகுதி. இதன் மாந்தரை யோசிடாகா அமானோ ஓவியமாகத் தீட்டினார்; திரையில் நடமாடும் புள்ளியுருவங்களைக் கசுகோ சிபுயா வரைந்தார். ஒரே மாந்தர்க்கு இரண்டு உருவங்கள் அமைந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. கதைத்தலைவியருள் ஒருத்தியாகிய தெரா, பேரரசொன்றினால் தன் விருப்பம் பறிக்கப்பட்டுப் போர்க்கருவியாக ஆக்கப்பட்டவள். பெரும் பொறியொன்றின்மேல் அமர்ந்த நிலையில் அவளை அமானோ தீட்டியுள்ளார். பொறியின் பருமையும் அவள் மேனியின் மென்மையும் ஒருங்கே நோக்கின், ஆள்பவள் அவளா, ஆளப்படுபவள் அவளா என்னும் வினா எழுகின்றது. கதை முழுவதும் விடைதேடும் வினாவும் அதுவே.

சிபுயாவின் உருவமோ 16 புள்ளி அகலமும் 24 புள்ளி உயரமுமே உடையது. அமானோவின் ஓவியத்தில் பொன்னிறமாக உள்ள கூந்தல் இதன்கண் பச்சையாக உள்ளது. நுண்கோடு இங்கே இயலாது. ஆதலின் தலைகுனிதல், கையுயர்த்தல், திரும்பி நிற்றல் ஆகியவற்றால் துயரும் வியப்பும் உணர்த்தப்படுகின்றன. உள்ளத்து நிகழ்வது உடலின்கண் புலப்படுதலைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என வகுத்துரைக்கும். அச்சொல்லை இங்கும் ஆளலாம். நிலைத்த பண்பினை ஓவியம் தாங்குகின்றது. அவ்வப்போது தோன்றும் மெய்ப்பாட்டினைப் புள்ளியுருவம் தாங்குகின்றது. இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியை ஆடுவோர் தம் கற்பனையால் நிரப்புகின்றனர்.

மூன்றாவது, 1997இல் வந்த அத்தொடரின் ஏழாம் பகுதி. தலைவன் கிளவுடை வரைந்தவர் தெட்சுயா நோமுரா. கூர்கூராக நிற்கும் பொன்முடி, ஒளிவிடும் கண், ஆளுயர்ந்த வாள் ஆகிய மூன்றும் அவனுக்கு அடையாளம். காண்போர் அவனைச் சிறப்புப் படையில் பயின்ற பெருவீரன் எனத் துணிவர். அவனும் அவ்வாறே கூறிக்கொள்கின்றான். கதை வளர வளர, அவன் அப்படையில் சேர்ந்தவனே அல்லன் என்பது வெளியாகின்றது. கண்ணொளி அவன்மீது செய்யப்பட்ட கொடிய ஆய்வின் விளைவு; வாள் இறந்துபட்ட நண்பனுடையது. ஓவியத்தில் ஒரு கோடும் மாறவில்லை. ஆயினும் அதன் பொருள் முற்றும் மாறிவிடுகின்றது. வீரத்தின் குறியாகத் தோன்றியது இழப்பின் குறியாகின்றது. ஓவியம் பொய்யுரைக்கவில்லை; நாமே விரைந்து பொருள் கொண்டோம்.

இம்மூன்றாலும் பெறப்படுவன யாவை? முதலாவதில் உருவம் குணத்தைப் படைத்தது. இரண்டாவதில் கதையின் வினாவை முன்வைத்தது. மூன்றாவதில் ஆடுவோரைத் தம் முடிபினைத் தாமே திருத்திக்கொள்ளச் செய்தது. இன்றைய கருவிகள் ஒவ்வொரு மயிரிழையையும் காட்டவல்லன. ஆகவே இத்தகைய குறிப்பு இனி வேண்டா என்று கூறுதல் பொருந்தாது. எல்லாவற்றையும் காட்ட இயலும்போதுதான் எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்னும் தேர்வு இன்றியமையாததாகின்றது. பாத்திரப் படைப்பினை ஆராய்வோர் சொல்லை நோக்குமளவு இவ்வுருவங்களையும் நோக்குவாராயின், கதை கூறும் கலையின் புதிய கிளையொன்று நம் ஆராய்ச்சிக்கு உரியதாகும்.