மலைப்பாம்பும் மழலையர் வாழும் வீடும்

பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை நோக்கிச் செல்லும் பெருவீதியில், றப்பரும் தேயிலையும் இரு மருங்கும் சூழ அமைந்திருக்கும் சிற்றூர் ஓப்பநாயக்க. களனிப் பள்ளத்தாக்குச் சிறு இரயில் பாதை ஒருகாலத்தில் இவ்வூரிலேயே வந்து முடிந்தது. இன்று அந்த இரயில் அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. இப்பகுதித் தோட்டங்களிலே புல்வெட்டித் துப்புரவு செய்யும் வேளையிலோ, கான் வெட்டும் வேளையிலோ, முழநீளத்திற்குச் சற்றே மேற்பட்ட மலைப்பாம்புக் குட்டியொன்று அகப்பட்டுவிடுவதுண்டு. பெரியவர்கள் மண்வெட்டியைத் தூக்குவர். பிள்ளைகளோ, "அடிக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோவோம்" என்று கெஞ்சுவர். அண்மைக் காலத்தில் இக்கெஞ்சலுக்குப் புதிய வலுவொன்றும் சேர்ந்திருக்கிறது. இலண்டனிலோ கனடாவிலோ வாழும் மாமன் மகன் கழுத்தில் பாம்பை மாலையாக அணிந்து எடுத்த படம், கைத்தொலைபேசி வழியே லயத்துக் காம்பரா வரைக்கும் வந்துவிடுகிறது. அங்கே அவன் வளர்க்கலாமென்றால் இங்கே நாங்கள் ஏன் வளர்க்கலாகாது என்று பிள்ளை கேட்கிறது. நியாயமான கேள்விதான். அதற்கு வெறும் அதட்டல் விடையாகாது.

முதலில், அகப்பட்ட பிராணி யாது என்று அறிதல் வேண்டும். மலைப்பாம்பை ஈழத்துத் தமிழர் சிலர் வெங்கிணாந்தி என்பர். சிங்களத்திற் பிம்புரா என்பர். பழந்தமிழில் இதற்கு மாசுணம் என்று பெயர். மலைபடுகடாம் என்னும் சங்க நூல், மலைவழி செல்வோர் விழுந்து கிடக்கும் மரமென்று மயங்கத்தக்க மாசுணத்தைப் பற்றி எச்சரிக்கிறது. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராய் விளங்கிய பீ. ஈ. பீ. தெரணியகல, 1945ஆம் ஆண்டில் இலங்கை மலைப்பாம்பைத் தனி உட்பிரிவாகக் கொண்டு, சிங்களப் பெயரையே அதற்கு அறிவியற் பெயராகவும் சூட்டினார். பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை இந்திய மலைப்பாம்பினின்றும் வேறாகக் கொள்வதில்லை.

இதற்கு நஞ்சு இல்லை. இரையைப் பற்களாற் கௌவி, உடலால் வளைத்து இறுக்கிக் கொல்லும். மூச்சுத் திணறியே இரை சாகிறது என்றுதான் நெடுநாள் எண்ணப்பட்டது. ஆயின் 2015இல் வெளியான ஆய்வொன்று, இதற்கு உறவான போவா என்னும் பாம்பினிடத்தே, இறுக்கிய சில நொடிகளுக்குள் இரையின் இரத்த ஓட்டமே தடைப்படுகிறது என்று காட்டிற்று. சுற்றிய பாம்பை ஆறுதலாக அவிழ்த்துவிடலாம் என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் நன்று. மேலும், மலைப்பாம்பின் உதட்டோரத்திலே சிறு குழிகள் வரிசையாக உள்ளன. இருளிலும் வெப்பத்தை உணரும் கருவிகள் அவை. எலியின் உடற்சூடும் கைக்குழந்தையின் உடற்சூடும் அவற்றுக்கு வெவ்வேறாகத் தோன்றும் என்று நம்பியிருத்தல் இயலாது.

இப்பாம்பின் தாய்மை வியக்கத்தக்கது. பெண்பாம்பு முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்து, தசைகளை நடுக்கி நடுக்கி வெப்பம் உண்டாக்கி அவற்றை அடைகாக்கிறது. லமார்-பிக்கோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1832இல் இதனைப் பாரிசிலே சொன்னபோது அறிஞர் சபை நம்ப மறுத்தது. 1841இல் அதே நகரத்திலே வலென்சியன் என்பவர் வெப்பமானி வைத்து அளந்து மெய்யென்று காட்டினார். கோழியைப் போன்று அடைகாக்கும் பாம்பு என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது! ஆனால் குட்டி முட்டையை விட்டு வெளிவந்தபின் தாய் அதனைப் பேணுவதில்லை. தன்னைப் பேணும் மனிதரிடத்தே நாயைப் போன்று அன்பு கொள்ளும் இயல்பும் அதற்கு இல்லை. பழகிய மலைப்பாம்பு என்பது மனிதனைக் கண்டு அஞ்சுதலை ஓரளவு விட்ட மலைப்பாம்பே.

அடுத்தது அளவு. பொரித்த குட்டி ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு அடி நீளமிருக்கும். நன்கு தீனி கிடைத்தால் சில ஆண்டுகளுள் ஆறடியைத் தாண்டிவிடும். பத்தடிப் பாம்பு அரிதன்று. தோட்டத்து லயக் காம்பரா பலவற்றின் அளவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளே தாய், தந்தை, பாட்டி, மூன்று பிள்ளைகள், அடுப்பு, பாய். பாம்புக்கு இடம் எங்கே? சாக்கிலும் பிளாஸ்டிக் வாளியிலும் வைத்துச் சிலநாள் வேடிக்கை பார்க்கலாம். அதற்கு வளர்ப்பு என்று பெயரிடுதல் தகாது.

பூட்டின்றி வைத்ததால் நேர்ந்த துயரங்கள் வெளிநாட்டுச் செய்திகளிற் பதிவாகியுள்ளன. 2009ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்பொன்று இரவில் வெளிப்பட்டு, உறங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. அதன் கண்ணாடித் தொட்டிக்கு மூடியாக இருந்தது ஒரு போர்வை. பாம்போ போதிய தீனியின்றி மெலிந்திருந்தது. 2013 ஓகஸ்டில், கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், செல்லப்பிராணிக் கடைக்கு மேல்மாடியில் வளர்க்கப்பட்ட ஆபிரிக்க மலைப்பாம்பு காற்றுக்குழாய் வழியே நகர்ந்து, வீட்டில் உறங்கிய ஆறு வயதும் நான்கு வயதுமான சகோதரர் இருவரின் உயிரைப் பறித்தது. இத்தகைய மரணங்கள் மிக அரியவை என்பதையும் சொல்லவேண்டும். நாய்க்கடியால் இறப்போர் தொகைக்கு இது ஈடன்று. எனினும் இரண்டிடத்தும் பிள்ளைகள் விளையாடப் போய் மாண்டவரல்லர், பாயில் உறங்கியவர்கள்.

புளோரிடாவின் கதை அதோடு முடியவில்லை. அங்கே செல்லப்பிராணியாக இறக்குமதி செய்யப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் சில தப்பின. சிலவற்றை வளர்த்தோரே, பெருத்துவிட்டன என்று சதுப்புநிலத்தில் விட்டனர். அவை பெருகிக் காட்டு விலங்குகளை அழித்தன. எவர்கிளேட்சு சதுப்புநிலத்திலே ரக்கூன் என்னும் விலங்கு கண்ணுக்குத் தென்படுவது 99 விழுக்காட்டுக்கு மேற் குறைந்துவிட்டதென 2012இல் வெளியான ஆய்வு கூறிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசு பர்மிய மலைப்பாம்பின் இறக்குமதியைத் தடைசெய்தது. இயந்திரமும் நாயும் கொண்டு தேடியும் பாம்புகள் அகப்படாமையால், 2017 தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரை அழைத்தனர். தடம் பார்த்து, செதில் உரசிய புல்லைப் பார்த்து, ஏறத்தாழ ஒரு வாரத்துள் 13 மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்தார்கள். அவற்றுள் ஒன்று பதினாறடி நீளப் பெண்பாம்பு. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. செல்வந்த நாடொன்றின் வரவேற்பறையிலே தொடங்கிய தொல்லையைத் தீர்க்கச் செங்கற்பட்டுப் பக்கத்து ஏழைத் தமிழன் கடல் கடந்து போகவேண்டியிருந்தது என்பது சற்றே புன்னகைக்கத் தூண்டுகிறது.

இலங்கையிலே சட்டம் ஐயத்துக்கு இடந்தரவில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1993இலும் 2009இலும் அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களும் மலைப்பாம்பைப் பாதுகாக்கின்றன. கொல்லுதலும், பிடித்தலும், அனுமதியின்றி வைத்திருத்தலும் குற்றங்களாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதல் அட்டவணையிலே வைத்துள்ளது. ஆகவே ஓப்பநாயக்கப் பிள்ளையின் கேள்விக்கு நேரான விடை, இயலாது என்பதே.

ஆனால் சட்டத்தைக் காட்டிலும் பெரிய காரணமொன்று தோட்டத்து மண்ணிலேயே இருக்கிறது. கண்ணாடி விரியன், அதாவது பலரும் புடையன் என்று வழங்கும் பாம்பு, குட்டி மலைப்பாம்பைப் போன்றே தோன்றும். பழுப்பு நிறம், பருத்த உடல், முதுகிலே புள்ளி. மலைப்பாம்பென்று எண்ணிக் கையிலெடுத்துக் கடியுண்டவர் இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. வீட்டிலே மலைப்பாம்புக் குட்டியைத் தடவிப் பழகிய ஐந்து வயதுப் பிள்ளை, மறுமாதம் தேயிலைச் செடியடியிலே புடையனைக் கண்டால் என்ன செய்யும்? அஞ்சி ஓடவேண்டிய கால்கள் நெருங்கிப் போகும். நஞ்சில்லாப் பாம்பு நஞ்சுள்ள பாம்புக்கு வழிகாட்டியாகிவிடும்.

வேற்றுமைகளைப் பெரியவர்கள் அறிந்திருத்தல் நல்லது. புடையனின் முதுகிலே முட்டை வடிவான புள்ளிகள் சங்கிலிபோல் ஒழுங்காக மூன்று நிரையில் ஓடும். மலைப்பாம்பின் திட்டுகள் பெரியவை, ஒழுங்கற்றவை. புடையனின் செதில் சொரசொரப்பானது. மலைப்பாம்பின் செதில் வழவழப்பாய் மினுங்கும். மலைப்பாம்பின் தலைமேல் வேல்முனை போன்ற குறி காணப்படும். புடையன் சினந்தாற் குக்கர் ஆவியிறங்குவது போன்று பெருஞ்சீறல் எழுப்பும். எனினும் இவ்வறிவு தூரத்தில் நின்று பார்ப்பதற்கே உரியது. கையில் எடுத்துச் சோதிப்பதற்கு அன்று. சப்ரகமுவ ஈரநிலத் தோட்டங்களிலே, சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா எனப்படும், மூக்கு மேல்நோக்கிய சிறு விரியனும் சருகோடு சருகாய்க் கிடக்கும். இந்நாட்டு வைத்தியசாலைகளில் வழங்கிவரும் இந்திய நஞ்சுமுறி மருந்து அதன் நஞ்சை முறிப்பதில்லை. எப்பாம்பு கடித்தாலும் கயிற்றால் இறுகக் கட்டாமலும், கீறாமலும், உறிஞ்சாமலும், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, பலாங்கொடை அல்லது இரத்தினபுரி அரசாங்க வைத்தியசாலைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்லல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் ஒன்றுண்டு. சல்மொனெல்லா என்னும் கிருமி பாம்பு, பல்லி, ஆமை முதலியவற்றின் குடலில் அவற்றுக்கு யாதொரு தீங்குமின்றி வாழ்கிறது. எச்சத்தின் வழியே தோலிலும், அங்கிருந்து கையிலும், கையிலிருந்து பாற்போத்தலிலும் அது சேர்கிறது. பெரியவருக்கு நான்கு நாள் வயிற்றோட்டம். கைக்குழந்தைக்கோ இரத்தத்திலும் மூளையுறையிலும் பரவும் கொடிய நோய். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் 2010 முதல் 2013 வரை இக்கிருமியால் நோயுற்ற ஐந்து வயதிற்குட்பட்ட 175 குழந்தைகளுள், 48 பேர் ஊர்வன வளர்க்கும் வீடுகளோடு தொடர்புடையவர்கள். அவர்களுட் பலர் ஒரு வயதும் நிரம்பாதவர்கள். தவழும் குழந்தை பாம்பைத் தொட்டிருக்க வேண்டுவதில்லை. பாம்பைத் தொட்ட அண்ணன் தூக்கி முத்தமிட்டாலே போதும். ஆதலால் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளையுள்ள வீட்டில் ஊர்வன எதனையும் வளர்க்கவேண்டாம் என்று அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகின்றனர்.

அவ்வாறாயின் இலண்டன் மாமன் மகன் செய்வது தவறா? அங்கே பெரும்பாலும் வளர்ப்பது மேற்கு ஆபிரிக்காவின் அரச மலைப்பாம்பு என்னும் சிற்றினம். நான்கு அல்லது ஐந்து அடியோடு வளர்ச்சி அடங்கிவிடும். அஞ்சினாற் கடிப்பதை விட்டுப் பந்துபோற் சுருண்டுகொள்ளும். கூட்டிலே பிறந்து வளர்ந்தவை கடைகளிற் கிடைக்கின்றன. காட்டிற் பிடித்தவற்றை வாங்குதல் தவறு. வெளிநாட்டு உறவினர் முதன்முறையாக ஒன்றை வாங்க எண்ணுவாராயின், கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பும்வரை பொறுத்திருத்தல் முதற்செயல். அதன்பின் பூட்டுள்ள கூடு. ஒரு பக்கம் 31, 32 பாகை செல்சியசு வெப்பமும், மறுபக்கம் அதனிற் குறைந்த தண்மையும். மறைந்து படுக்கச் சிறு பெட்டி. உயிருள்ள எலியை விடாது, உறையவைத்த எலியை இளக்கி, இடுக்கியாற் கொடுத்தல் வேண்டும். உண்டபின் இரண்டு நாள் தூக்கலாகாது. பாம்பின் நீர்க்கிண்ணம் சமையலறைத் தொட்டிக்கு வரலாகாது. பிள்ளை தொடும்போது பெரியவர் அருகிருந்து, பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவச் செய்தல் வேண்டும். சில மாதம் உண்ணாமலே கிடப்பது இவ்வினத்தின் வழக்கமாகையால், அப்போது கலங்காத மனமும் தேவை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆயுளை எண்ணவேண்டும். அமெரிக்காவின் சென்ட் லூயி மிருகக்காட்சிச்சாலைக்கு 1961இல் ஒருவர் தம் அரச மலைப்பாம்பைக் கொடுத்துவிட்டுச் சென்றார். 2020இல் அப்பாம்பு அறுபது வயதைக் கடந்திருந்தது. ஆண்பாம்பின் சேர்க்கை நெடுங்காலம் இல்லாதிருந்தும் அவ்வாண்டு ஏழு முட்டைகளை இட்டது. எட்டு வயதுப் பையனின் பிறந்தநாட் பரிசு, அவன் ஓய்வூதியம் பெறும்வரை கூட இருக்கக்கூடும். இடையிலே அவன் பல்கலைக்கழகம் போவான், பெண்ணெடுப்பான், எலியை இளக்கிக்கொடுக்கும் வேலை தாயின் தலையில் விழும்.

ஓப்பநாயக்கப் பிள்ளைக்கு எஞ்சுவது பாம்பைப் பார்க்கும் உரிமை. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பெரிய மலைப்பாம்புகளைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று காணலாம். அதுவரை, தோட்டத்திற் குட்டி அகப்பட்டால், பிள்ளைகளை அப்புறப்படுத்தி, நாய்களைக் கட்டி, தூரத்தில் நின்று அது போகும் திசையைப் பார்த்திருந்தாற் பெரும்பாலும் தானே காட்டோரம் சேர்ந்துவிடும். கோழிக்கூட்டுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ புகுந்துவிட்டால், கதவைச் சாத்திவிட்டுத் தோட்ட அலுவலகத்தின் மூலம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாருக்கேனும் பொலிஸாருக்கேனும் அறிவித்து, அவர்கள் வரும்வரை ஒருவர் காவலிருத்தல் வேண்டும். அக்காவலுக்குப் பாட்டியை வைப்பதே நலம்; பையனை வைத்தாற் கதவைத் திறந்து பார்ப்பான்.