நாளைய பருத்தி விலை

விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டிக் கரிசலில் ஐப்பசி மழைக்கு ஊன்றிய பருத்தி தையில் வெடிக்கத் தொடங்கும். எடுப்பு பங்குனி வரை போகும். எடுத்த பருத்தி அந்தக் காலத்தில் வீட்டுக்குள் கூரையைத் தொடும்படி குவிந்து கிடந்தது. விலை என்ன என்ற சேதி விருதுநகர் போய்வந்த வண்டிக்காரர் வாய்வழியாக வந்தது; ஊர் வந்து சேர்வதற்குள் அது பழைய விலையாகவும் ஆகியிருக்கும். இன்று அதே கரிசலில் வரப்பில் நிற்பவர் கைப்பேசியில் குஜராத் விலையையும் நியூயார்க் விலையையும் பார்த்துவிடுகிறார். ஆனால் அன்று அவருடைய தாத்தா கேட்டதைத்தான் இன்று அவரும் கேட்கிறார்: இப்போதே போட்டுவிடலாமா, ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?

விலை பேசும் முறை அடியோடு மாறிவிட்டது. அன்று தரகரும் வியாபாரியும் துண்டை விரித்து, அதற்குள் விரல் பிடித்து விலை பேசி முடித்தார்கள். பருத்திக்கு உரியவர் பக்கத்திலேயே நின்றாலும் துண்டுக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது. இதுபோன்ற வழக்கங்களுக்கு முடிவு கட்டவே 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி 1936-இல் திருப்பூரில் திறந்த முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமே பருத்திக்காகத்தான். இப்போது விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம். வியாபாரிகள் ஒவ்வொருவரும் தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். எல்லோர் முன்னிலையிலும் சீட்டைப் பிரித்து, கூடுதலாகக் கேட்டவருக்குக் கொடுக்கிறார்கள். 2016-இல் வந்த மின்னணு தேசியச் சந்தை வெளியூர் வியாபாரியும் விலை கேட்க வழி செய்தது. மின்தராசில் எடை, வங்கிக் கணக்கில் பணம். இதைச் சாதாரண ஆதாயம் என்று சொல்லிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக எடையில் இழந்த பருத்தியை யார் கணக்கு வைத்தார்கள்?

போனவையும் உண்டு. விருதுநகர் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமையில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. கமிஷன் கடைக்காரர் விதைப்புக்கு முன்பணம் தந்தார், கல்யாணத்துக்கும் தந்தார். அந்தக் கடனுக்காக வெள்ளாமையை அவர் கடையிலேயே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. கைப்பேசி விலை சொல்லும். விதைப்பு நேரத்தில் பணம் தராது.

இப்போதே போடுவதா, பொறுப்பதா என்பது நாளைய விலையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்விதான். அதற்குக் கணிதத்தின் பதில் முதலில் பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது. 1900-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் லூயி பஷெலியே ஊகவாணிபக் கோட்பாடு பற்றிய ஆய்வேட்டை அளித்தார். விலை ஏறும் என்பவரும் இறங்கும் என்பவரும் சந்தையில் சமபலத்தில் நிற்கிறார்கள். ஆகவே ஊகம் செய்பவரின் சராசரி எதிர்பார்ப்பு பூஜ்யம் என்றார். பல பத்தாண்டுகள் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1953-இல் புள்ளியியலாளர் மாரிஸ் கெண்டல் லண்டன் பங்கு விலைகளையும் சிகாகோ கோதுமை விலையையும் ஆராய்ந்து, போன வார மாற்றம் வரும் வார மாற்றத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை என்று கண்டார். பஷெலியேயின் ஏடு 1964-இல் ஆங்கிலத் தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டே இக்கருத்தை வளர்த்தெடுத்து எழுதிய அமெரிக்கப் பொருளியலாளர் யூஜீன் ஃபாமா இளநிலைப் படிப்பில் பிரெஞ்சு மொழி மாணவர். பர்ட்டன் மால்கீல் 1973-இல் இதைச் சாமானியருக்காக எழுதிய ஆங்கில நூல் பின்னாளில் பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்டது. பாரிசில் பிறந்த கருத்து அமெரிக்கா போய்ப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியது.

நம் கரிசலுக்கு நெருக்கமானவர் கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட். பிரான்சில் படித்த அவர் 1963-இல் எடுத்துக்கொண்டது பருத்தி விலையை. பஷெலியே கருதியதுபோல விலை சின்னச் சின்ன அடியாக மட்டும் நகர்வதில்லை. யாரும் எதிர்பாராத பெரிய தாவல்கள் அந்தக் கணக்கு சொல்வதைவிட மிக அதிகம் என்று காட்டினார். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் 70,000-க்குக் கீழே வந்தது. பஞ்சு ஏறியபோது திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்கள் தவித்தார்கள். இன்னும் ஏறும் என்று பருத்தியைக் கட்டிவைத்த விவசாயி அது இறங்கியபோது தவித்தார்.

அறுவடைச் சமயத்தில் சரக்கு குவிந்து விலை மட்டுப்படும் என்பது கரிசலில் எல்லோருக்கும் தெரிந்ததே. எவ்வளவு, எதுவரை என்பதுதான் தெரியாது. இது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அந்தத் தெரியாமையின் சுமை இன்று கூடியிருக்கிறது. கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியின் காலத்தில் விதை வீட்டு விதை, உரம் தொழுவத்து உரம், எடுப்புக் கூலியும் பெரும்பாலும் பருத்தியாகவே போனது. விலை விழுந்தால் வருமானம் குறையும். கையை விட்டுப் போன ரொக்கம் கொஞ்சம்தான். 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு விதை ஆண்டுதோறும் பாக்கெட்டில் வாங்கும் பொருளாயிற்று. உரம், மருந்து, உழவு, ஆள்கூலி எல்லாம் ரொக்கம். விளைச்சல் பெருகியது, இழை நீண்டது. ஆனால் முதலில் ரொக்கத்தைக் கொட்டிவிட்டு, கடைசியில் யாருக்கும் தெரியாத ஒரு விலைக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பலர் மக்காச்சோளத்துக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நடுத்தர இழைப் பருத்திக்கு மத்திய அரசின் ஆதார விலை 2021-22-இல் குவிண்டாலுக்கு 5,726 ரூபாய், 2025-26-இல் 7,710. முன்கூட்டியே தெரிந்த ஒரே விலை இதுதான். விற்பனைக்கூடக் கிடங்கில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கவும் வழி இருக்கிறது. விலை ஏறும், பொறுங்கள் என்று கைப்பேசியில் ஆரூடம் சொல்பவர்களை நம்ப வேண்டாம்; அவர்களுக்கும் தெரியாது. கேட்க வேண்டியது வேறு: ஆதார விலைக்கு வாங்கும் இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல், பருத்தி கை மாறிப் போன பிறகு அல்ல, எடுப்பு நடக்கும் தை, மாசியிலேயே இந்தப் பக்கம் தொடங்க வேண்டும்.