மின்சார நிலையத்துக்கு வைக்கோல் விற்றல்

நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கும் நிலையங்கள் பயிர்க்கழிவையும் 5 சதவீத அளவில் கலந்து எரித்தல் வேண்டும் என்று மத்திய மின்சக்தி அமைச்சகம் 2021-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் கொள்கை வகுத்தது. வைக்கோல் முதலியவற்றைத் தூளாக்கி அழுத்திச் செய்யும் 'பெல்லட்' என்னும் சிறு உருளைகளாகவே அது பெரும்பாலும் உலைக்குச் செல்கின்றது. ஆகவே வைக்கோலுக்குப் புதியதொரு கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. ஒரு போகத்து வைக்கோலை ஒரு தடவை விற்பதற்குப் பெரிய யோசனை வேண்டுவதில்லை. வருஷந்தோறும் தவறாமல் கொடுப்பதும், கொடுத்ததற்கு நியாயமான கிரயம் பெறுவதுமே கஷ்டமான காரியம். இக்கஷ்டத்தை முப்பது வருஷங்களுக்கு முன்பே அனுபவித்து ஒருவாறு வழி கண்டவர்கள் டென்மார்க் தேசத்துக் குடியானவர்கள்.

அத்தேசத்தில் கோதுமையும் பார்லியும் மிகுதியாக விளைகின்றன. அறுவடைக்குப்பின் வைக்கோலை வயலிலேயே கொளுத்தும் வழக்கம் 1990-ஐ ஒட்டித் தடுக்கப்பட்டது. 1993-ஆம் வருஷத்தில் அந்நாட்டுக் கட்சிகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, 2000-ஆம் வருஷத்துக்குள் மின்சார நிலையங்கள் வருஷம் ஒன்றுக்கு 12 லட்சம் டன் வைக்கோலும் 2 லட்சம் டன் மரச்சீவலும் எரிக்க வேண்டுமென்று நிர்ணயித்தன. வாங்குகிறவன் மீது கடமை சுமத்தப்பட்டது என்பதே இங்கு முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது. வாங்குவார் உண்டு என்ற நிச்சயம் இல்லாவிடில் எந்தக் குடியானவன் கடன்பட்டுக் கட்டு இயந்திரம் வாங்குவான்? எனினும் குறித்த காலத்துக்குள் அவ்வளவு வைக்கோலும் எரிந்து விடவில்லை. கொதிகலன்களில் நேர்ந்த தொல்லைகளால் காலக்கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. சர்க்கார் உத்தரவு ஒன்றை மாத்திரம் நம்பி முதல் போடுவது எவ்வளவு தூரம் உசிதம் என்பதை இதனால் அறியலாம்.

வைக்கோல் இடத்தை அடைக்கும் சரக்கு. ஒரு டன் நல்ல நிலக்கரி தரும் உஷ்ணத்தைப் பெற ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன் வைக்கோல் வேண்டும். உதிரியாக ஏற்றினால் வண்டிச் சத்தமே கிரயத்தை விழுங்கிவிடும். ஆகையால் டென்மார்க்கில் ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள பெரிய சதுரக் கட்டுகளையே மின்சார நிலையங்களுக்குரிய பொது அளவாக வழங்குகின்றனர். கட்டின் நீளம் 2.4 மீட்டர், அகலமும் உயரமும் ஒன்றேகால் மீட்டரை ஒட்டியவை. எல்லாரும் ஒரே அளவில் கட்டுவதால், பளு தூக்கும் யந்திரம் பன்னிரண்டு கட்டுகளை ஒரே தடவையில் எடுத்து இறக்க முடிகின்றது. அறுவடையோ சில வாரங்களில் முடிந்துவிடும்; உலையோ வருஷம் முழுதும் எரியவேண்டும். ஆகவே கட்டுகள் குடியானவனுடைய கொட்டகையிலோ, படுதா மூடிய போரிலோ பல மாதங்கள் காத்திருக்கின்றன. அறுத்தவுடன் கொடுக்கும் கட்டுக்கும் எட்டு மாதம் நனையாமல் காத்துக் கொடுக்கும் கட்டுக்கும் ஒரே விலை என்றால் இரண்டாவதைக் கொடுக்க ஆள் கிடைக்கமாட்டான். கொட்டகைச் செலவு, நெருப்புப் பயம், எலிச் சேதம் இவையெல்லாம் விலையில் அடங்கியிருத்தல் அவசியம்.

சச்சரவுக்கு முதல் காரணம் ஈரம். நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஈரமுள்ள ஒரு டன் வைக்கோலில் உலர்ந்த பொருள் 850 கிலோ இருக்கும். ஈரம் இருபத்தைந்து பங்கானால் 750 கிலோதான். எடைக்கு மட்டும் விலை பேசினால், பாடுபட்டு உலர்த்தியவன் நஷ்டமடைவான், நனைத்துக் கொணர்ந்தவன் தண்ணீருக்கும் காசு வாங்குவான். வாங்குகிறவனுக்கோ அத்தண்ணீரை ஆவியாக்க உஷ்ணம் வேறு செலவாகும். இதுவன்றி ஈரக்கட்டு உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். சில சமயம் தானே தீப்பற்றுவதும் உண்டு. டென்மார்க்கில் கட்டுகளை இறக்கும்போதே நுண்ணலைக் கருவியால் ஈரத்தை அளந்து, அதற்கேற்ப விலையைக் கூட்டியோ குறைத்தோ கணக்கிடுகின்றனர். மிதமிஞ்சிய ஈரமுள்ளது திருப்பி அனுப்பப்படும். அளவு இரு திறத்தார் கண்ணெதிரிலும் நடப்பதால் வழக்குக்கு இடமில்லை.

உலைக்காரர் விரும்பும் வைக்கோல் மாட்டுக்காரர் விரும்பும் வைக்கோலன்று என்பது பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். அறுத்தவுடன் மழை படாமல் கட்டியதை அங்கே மஞ்சள் வைக்கோல் என்றும், வயலில் கிடந்து மழையில் நனைந்து மறுபடி உலர்ந்ததை நரை வைக்கோல் என்றும் பிரிக்கின்றனர். மஞ்சள் வைக்கோலில் பொட்டாசியம் நூற்றுக்கு 1.18 பங்கும் குளோரின் 0.75 பங்கும் உள்ளன. நரை வைக்கோலில் இவை முறையே 0.22, 0.2 பங்குகளாகக் குறைகின்றன. இவ்விரண்டு பொருள்களுமே கொதிகலனுக்குச் சத்துருக்கள். சாம்பல் இளகிக் குழாய்களில் அப்பிக்கொள்வதும், மிகுந்த உஷ்ணத்தில் நீராவிக் குழாய்கள் அரிக்கப்படுவதும் இவற்றாலேயே. நெல் வைக்கோலுக்கு மற்றொரு குறையும் உண்டு: கோதுமை வைக்கோலைவிட அதில் சாம்பல் பன்மடங்கு அதிகம், அதிற் பெரும்பகுதி சிலிகா. குறுவை அறுவடை ஐப்பசி மழையில் அகப்பட்டு, மாடு முகர்ந்தும் பாராத வைக்கோலை என்ன செய்வதென்று திகைக்கும் காவேரிப் பாசனக் குடிகள் இதைக் கவனிக்கவேண்டும். அது நன்றாக உலருமானால் உலைக்கு ஆகாததன்று. மழையில் கரைந்த சாம்பல்சத்தும் அவர்கள் வயலிலேயே தங்கிவிடும்.

சாம்பல்சத்தைப் பற்றிய கணக்குத்தான் பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. ஒரு டன் உலர்ந்த நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் உள்ளன. கடையில் வாங்கும் ம்யூரியேட் பொட்டாஷ் உரத்தில் இது 24 முதல் 34 கிலோவுக்குச் சமம். வயலில் கொளுத்துவது கெட்ட வழக்கமே. தழைச்சத்து புகையோடு போய்விடுகின்றது. ஆனாலும் சாம்பல்சத்தின் பெரும்பகுதி நிலத்தில் தங்கும். விற்றாலோ அதுவும் வண்டியேறிப் போய்விடும். டென்மார்க்கில் வைக்கோலை மட்டும் எரிக்கும் உலைகளின் அடிச்சாம்பலைக் குடியானவர்கள் திரும்பப் பெற்று நிலத்தில் இடுகின்றனர். காட்மியம் மிகுந்த பறக்கும் சாம்பலை வேறாக ஒதுக்குகின்றனர். நிலக்கரியோடு கலந்து எரித்தால் இந்த அனுகூலம் இல்லை. ஸ்டட்ஸ்ட்ரப் என்னுமிடத்து நிலையத்தில் 1996 முதல் 1998 வரை, உஷ்ணக் கணக்கில் 20 சதவீதம் வரை வைக்கோலைக் கலந்து பரீட்சை பார்த்தார்கள். அவ்வாறு எரித்தால் இரண்டு சாம்பலும் ஒன்றாய்க் கலந்துவிடும். பிரித்துத் தருவதென்பது இயலாது. நம் தேசத்தில் நடைபெறுவதும் இந்தக் கலப்பு முறையே. ஆகவே சாம்பல் திரும்பி வரும் என்று எதிர்பாராமல், இழந்த உரத்தின் கிரயத்தை வைக்கோல் விலையில் சேர்த்துக் கேட்பதே முறை. அக்கிரயமும், கட்டுக்கூலியும், போர்க்காவலும் கழிந்தபின் மீதி நிற்காவிடில், வைக்கோலை மடக்கி உழுதலே லாபம்.

மாட்டுத் தீவனத்துக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கிய பின்னரே விற்பனையைப் பற்றிப் பேசவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கோடையில் ஒரு கட்டு வைக்கோல் என்ன விலைக்குப் போகும் என்பதைக் கறவை மாடு வைத்திருப்போர் அறிவர். அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலில் மிஞ்சுவதே விற்பனைக்குரியது.

ஒப்பந்தத்தைத் தனித்தனியே செய்து கொள்வதைவிட, ஓர் ஊரார் அல்லது ஓர் வாய்க்காற் பாசனத்தார் சேர்ந்து செய்து கொள்வது சிலாக்கியம். டென்மார்க்கிலும் வைக்கோல் கொடுப்போருக்கெனத் தனிச் சங்கம் உண்டு. எத்தனை வருஷத்துக்கு, எந்த மாதத்தில் எவ்வளவு, ஈரம் எவ்வளவு வரை ஒப்பப்படும், அதை எங்கே யார் அளப்பது, திருப்பி அனுப்பப்பட்ட சுமைக்கு வண்டிச் சத்தம் யாருடையது, போர் தீப்பற்றினால் நஷ்டம் யாருடையது, எடுத்தபின் எத்தனை நாளில் பணம் என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும். எடைச்சீட்டிலே ஈர அளவும் குறிக்கப்பட வேண்டும். கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு: சாகுபடிக் கணக்கைக்கொண்டு ஊரில் எத்தனை ஏக்கர் எந்த வாரத்தில் அறுவடையாகும் என்று ஒரு பட்டி தயாரித்துக் கொடுத்தால், கட்டு இயந்திரம் வருவதற்கு முன்பே மறு உழவு நடந்துவிடும் நிலை ஏற்படாது. பஞ்சாபில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரமே இருப்பதால், இயந்திரம் வந்துசேராத வயல்களில் வைக்கோலைக் கொளுத்திவிடுகிறார்கள். சம்பா அறுவடைக்குப்பின் தை, மாசி மாதங்களில் வெயிலும் அவகாசமும் இருப்பதால், முதல் ஒப்பந்தத்தை அப்போகத்து வைக்கோலைக்கொண்டு தொடங்குவது உசிதம்.